இத்தாலியின் டஸ்கனி கிராமப்புறத்தில் நான்கு நாட்கள் தங்குவதற்குக் கார் அவசியமா? எங்கே தங்குவது நல்லது?

கார் அவசியம்தான். வால் தோர்ச்சா பள்ளத்தாக்கில் பியென்சா, மொந்தால்சினோ போன்ற ஊர்கள் குன்றுகளின் மேல் அமைந்திருப்பதால் அவற்றுக்கு ரயில் கிடையாது. பேருந்துகளோ ஞாயிற்றுக்கிழமைகளில் மிகவும் குறைந்துவிடும். இந்திய ஓட்டுநர் உரிமத்துடன் சர்வதேச அனுமதியும் கையில் இருக்க வேண்டும். கியர் வண்டி ஓட்டிப் பழகாதவர்கள் ஆட்டோமேட்டிக் கார் வேண்டும் என்பதை முன்பதிவின்போதே கேட்டுப் பெறுவது நல்லது.

காரை புளோரன்ஸ் நகர மையத்தில் எடுக்காமல் விமான நிலையத்தில் எடுங்கள். பழைய நகரங்களின் நுழைவாயிலில், சிவப்பு வளையத்துக்குள் வெண்மையாக இருக்கும் வட்டப் பலகைக்குப் பக்கத்தில் ‘வார்கோ அத்தீவோ’ என்று மின்னெழுத்து எரிந்தால், அனுமதியற்ற வண்டிகளுக்கு அந்த நேரத்தில் தடை உண்டு என்று பொருள். மீறி நுழைந்தால் கேமரா எண் பலகையைப் பதிவு செய்துவிடும், அபராதமோ பல மாதங்கள் கழித்துக்கூட வீடு தேடி வரும்.

தங்குவதற்கு ‘அக்ரிதுரிஸ்மோ’ எனப்படும் பண்ணை வீட்டையே நான் மனமாரப் பரிந்துரைப்பேன். 1985ஆம் ஆண்டுச் சட்டம் இதை விவசாயத்தோடு இணைந்த தொழிலாக வரையறுத்தது. ஆகவே நீங்கள் தங்கும் இடத்தில் உண்மையாகவே விவசாயம் நடந்துகொண்டிருக்கும்; பெரும்பாலும் ஒலிவ மரங்களோ திராட்சைக் கொடிகளோ இருக்கும். இரவு உணவு தரும் வீடாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயின் அருந்தியபின் இருட்டில் வளைவுச் சாலைகளில் வண்டி ஓட்ட வேண்டியிராது. கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் பெரும்பாலும் வெள்ளைச் சரளைப் பாதையாக இருக்கும் என்பதால், முதல் நாள் வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள்.