மருதம்பட்டையும் அப்பாவின் மாத்திரைகளும்

அன்புள்ள ஐயா,

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 64. ஐந்து மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று முதல் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டர்வாஸ்டாட்டின், இரத்த அழுத்த மாத்திரை ஒன்று எனச் சாப்பிட்டு வந்தார். காலையில் அவருடன் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர் ஒருவர், “மருதம்பட்டையைப் பாலில் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு தானாகக் கரைந்துவிடும், இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுத்துவிடும்” என்று சொல்லியிருக்கிறார். மூன்று நாட்களாக அப்பா மாத்திரைகளைத் தொடவில்லை. இரு வேளையும் கஷாயம்தான். கேட்டால், “உன் தாத்தா காலத்தில் எந்த மாத்திரை இருந்தது?” என்கிறார். மரபு மருத்துவத்தைப் பற்றி நீங்கள் மதிப்போடு எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்: மருதம்பட்டைக்கு உண்மையிலேயே அந்தச் சக்தி உண்டா?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த இரவே தனி மடலில் எழுதியதை முதலில் இங்கே திரும்பச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கக்கூடும். ஸ்டென்ட் வைத்த ஐந்தாம் மாதத்தில் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. சிகிச்சை அளித்த மருத்துவரை அன்றே அழைத்து, எத்தனை வேளை விட்டுப்போயிற்று என்று சொல்லி, அவர் கூறுகிறபடி மீண்டும் தொடங்க வேண்டும். இடையில் நெஞ்சு இறுக்கமோ, குளிர்ந்த வியர்வையோ, மூச்சுத் திணறலோ வந்தால் 108ஐ அழைக்க வேண்டும். அப்பா மறுநாளே மருத்துவரிடம் பேசிவிட்டு மாத்திரைகளைத் தொடர்கிறார் என்று நீங்கள் எழுதிய பிறகுதான் இந்தப் பதிலை நிதானமாக எழுத உட்கார்ந்தேன். நான் மருத்துவன் அல்லன். படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டவற்றையே எழுதுகிறேன்.

ஸ்டென்ட் என்பது அடைபட்ட குழாயைத் திறந்து வைக்கும் உலோகக் கம்பி வலை. குழாயின் உட்புறத் தோல் வளர்ந்து அந்த வலையை முழுவதும் மூடுவதற்குப் பல மாதங்கள் ஆகும். அதுவரை இரத்தம் அதை அந்நியப் பொருளாகவே பார்க்கும். அதன்மேல் உறைந்து கட்டிக்கொள்ள முயலும். அப்படிக் கட்டினால் பழைய அடைப்பைப் போல ஆண்டுக்கணக்கில் மெல்ல வளராது, ஒரே மணி நேரத்தில் குழாயை முழுவதுமாக மூடிவிடும். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஓராண்டு வரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது இதற்காகத்தான். மருதம்பட்டை இந்த வேலையைச் செய்யும் என்று சித்த நூலோ ஆயுர்வேத நூலோ சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. மனித இதயக் குழாயில் முதல் ஸ்டென்ட் வைக்கப்பட்டதே 1986இல்தான். தாத்தா காலத்தில் மாத்திரை இல்லை என்பது உண்மை. தாத்தாவின் நெஞ்சுக்குள் கம்பி வலையும் இல்லையே.

இதைச் சொல்லிவிட்டதால் மருதம்பட்டையை நான் எளிதாகத் தள்ளிவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இராயபுரத்தில் எங்கள் பாட்டி வீட்டில், படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்ன பெரியவர்களுக்கெல்லாம் இந்தப் பட்டைதான் பாலில் கொதித்தது. அந்தத் துவர்ப்பு மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆற்றங்கரைகளில் ஓங்கி வளர்வதால் இதற்கு நீர்மருது என்றும் பெயர். கடுக்காய், தான்றிக்காய் மரங்களின் நெருங்கிய உறவு. திரிபலாவில் மூன்றில் இரண்டு இந்தக் குடும்பத்திலிருந்து வருகின்றன என்பதை நினைத்துக்கொண்டால் அதன் துவர்ப்பு வியப்பளிக்காது. வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்று பெயர் பெற்றதும், வையைக் கரையில் மருதமுன்துறை இருந்ததும், திருவிடைமருதூரில் மருதமே தலமரமாக நிற்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கப் பாடல்களின் மருதம் இந்த மரமா, செம்பூ பூக்கும் பூமருதா என்று தாவரவியலாளர்களும் தமிழறிஞர்களும் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். அது வேறொரு கடிதத்துக்கான விஷயம். ஆனால் ஒரே பெயரில் பல மரங்கள் உலவுகின்றன என்பது கடையில் பட்டை வாங்குகிறவருக்கு இன்றும் தொல்லைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ராசப்பச் செட்டித் தெருவில், அருகருகே இருந்த இரண்டு நாட்டு மருந்துக் கடைகளில் மருதம்பட்டை கேட்டு வாங்கினேன். ஒரு பொட்டலத்தில் வெளிப்புறம் சாம்பல் வெண்மையாகவும் உட்புறம் தசைச் சிவப்பாகவும் இருந்த வழுவழுப்பான துண்டுகள். அது நீர்மருதின் இயல்பு. மற்றொன்றில் வெடிப்பு விழுந்த கறுத்த பட்டை. கருமருது என்ற வேறு மரமாக இருக்கலாம் என்று எனக்குத் தெரிந்த சித்த மருத்துவர் சொன்னார். பொடியாக வாங்கியிருந்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே பட்டிருக்காது. அப்பா குடித்தது எதை என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?

நூல்களுக்கு வருவோம். பழைய ஆயுர்வேத ஆசிரியரான சரகர் இந்த மரத்தை அறிவார், ஆனால் இதய நோய்க்கு என்று அதைத் தனியே எடுத்துச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவர் சுமார் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாக்படர் என்பார்கள். 11ஆம் நூற்றாண்டின் சக்ரதத்தர் பாலிலும் நெய்யிலும் செய்துகொடுக்கும் முறையைத் தருகிறார். பட்டை ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, தண்ணீர் முப்பத்திரண்டு பங்கு சேர்த்து, தண்ணீரெல்லாம் வற்றிப் பால் மட்டும் மிஞ்சும்வரை காய்ச்சுவது பால்கஷாயத்தின் பொதுவான அளவு. ஆனால் அந்த நூல்கள் இதய நோய் என்றபோது பார்த்தது மூச்சிரைப்பையும், நெஞ்சுவலியையும், படபடப்பையும். குழாய் அடைப்பதும், தசை தளர்வதும், துடிப்பின் தாளம் தப்புவதும் வெவ்வேறு நோய்கள் என்று பிரித்துக் காட்டும் கருவிகள் பின்னால் வந்தவை. “இதயத்துக்கு நல்லது” என்ற சொல்லைக் கேட்டவுடன் எந்த இதய நோய்க்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

அப்படிக் கேட்டுச் செய்த ஆய்வுகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதயம் மிகவும் தளர்ந்துபோன 12 பேருக்கு, அவர்கள் ஏற்கெனவே எடுத்துவந்த மருந்துகளை நிறுத்தாமல், பட்டைச் சாற்றை எட்டு மணி நேரத்துக்கு 500 மில்லிகிராம் வீதம் இரு வாரங்கள் கொடுத்ததில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. 2002இல், உழைக்கும்போது நெஞ்சுவலி வரும் 58 ஆண்களுக்கு அதே அளவைக் கொடுத்து டிரெட்மில் இயந்திரத்தில் நடக்க வைத்தபோது, நெஞ்சுவலிக்கு வழக்கமாகத் தரும் நைட்ரேட் மாத்திரைக்கு நிகரான பலன் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு மருந்தும் ஒரு வாரம்தான் கொடுக்கப்பட்டது. அதன்பின் 2016இல், டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இதயத் தளர்ச்சி உள்ள 100 பேரிடம் 12 வாரங்கள் சோதித்தார்கள். வழக்கமான மருந்துகளோடு ஒரு பகுதியினருக்குப் பட்டைச் சாறும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்ததில், இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் திறனில் இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை. இவற்றில் எதிலும் அடைப்பு கரைந்ததாகக் கண்டறியப்படவில்லை. எதிலும் ஸ்டென்ட் வைத்தவரின் மாத்திரைகளை நிறுத்திவிட்டுப் பட்டையை மட்டும் கொடுக்கவும் இல்லை. நடைப்பயிற்சி நண்பர் சொன்னதற்கும் ஆய்வு சொல்வதற்கும் உள்ள தூரம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் அட்டர்வாஸ்டாட்டினைச் சிதைத்து வெளியேற்றுவதும், குளோபிடோகிரலை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவதும் கல்லீரல் நொதிகள். மருதம்பட்டைச் சாறு அத்தகைய நொதிகள் சிலவற்றை மட்டுப்படுத்துவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். எனவே “மூலிகைதானே, கூடவே குடித்தால் என்ன” என்பதும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடிய முடிவு அன்று. கிட்னியைப் பற்றிய பயத்துக்கு ஒரு வரி போதும்: கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் கிட்னியைக் கெடுப்பது உறுதியாகத் தெரிந்த செய்தி, மாத்திரையால் ஏதும் நேர்கிறதா என்பதை அவ்வப்போது இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கிலீஷ் மருந்து, நாட்டு மருந்து என்று நாம் போடும் கோடு எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. இங்கிலாந்தின் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், கிராமத்து மூதாட்டி ஒருவர் உடல் வீக்கத்துக்குக் கொடுத்துவந்த இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் கொண்ட மருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதில் வேலை செய்வது டிஜிட்டாலிஸ் செடி என்று கண்டுகொண்டார். பத்தாண்டுகள் அதைக் கொடுத்துப் பார்த்து 1785இல் எழுதிய நூலில், குணமானவர்களோடு குணமாகாதவர்களையும், அளவு மிஞ்சி அவதிப்பட்டவர்களையும் மறைக்காமல் பதிவு செய்தார். இன்றும் இதய மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் டிகாக்சின் அந்தச் செடியின் இனத்திலிருந்து வந்ததுதான். நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி 1931இல் பிரித்தெடுத்த பொருளுக்கு, யுனானி மருத்துவர் ஹகீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். அதுவும் இதயத் துடிப்புக்கான மருந்தாயிற்று. எங்கள் பாட்டியிடம் கஷாயம் குடித்தவர்களில் எத்தனை பேருக்கு மூச்சிரைப்பு குறைந்தது, எத்தனை பேருக்குக் குறையவில்லை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பாட்டியின் மேல் எனக்குள்ள ஒரே குறை அதுதான்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். காசிமேட்டிலிருந்து வரும் கருவாட்டை அவர் விடவில்லை என்று மடலில் எழுதியிருந்தீர்கள். அதிலுள்ள உப்பைப் பற்றி வேண்டுமானால் வாதாடுங்கள், அதில் உங்கள் பக்கம் நியாயம் அதிகம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளையும் பட்டைப் பொட்டலத்தையும் ஒரே பையில் எடுத்துச் சென்று இதய மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தடை இல்லை என்றால், அரும்பாக்கத்திலுள்ள அரசு இந்திய மருத்துவமனையில் ஒரு சித்த மருத்துவரைப் பார்த்து, பட்டை சரியானதுதானா, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் பொட்டலம் அலமாரியிலேயே இருக்கட்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.