டோக்கியோவில் சைவ உணவு: மிசோ சூப்பில் மீன் வாடை

வணக்கம். இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று சொல்லி வாங்கிய மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பிலும் மீன் வாடை வருகிறது, டோக்கியோவில் எதை நம்பிச் சாப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். கடைக்காரர் உங்களை ஏமாற்றியிருக்க மாட்டார்; மீன் துண்டு கண்ணில் படாத உணவை மீன் உணவாக அங்கே பலர் நினைப்பதில்லை. அந்த வாடை 'தாஷி' என்னும் அடிச்சாற்றினுடையது. புகையூட்டி உலர்த்திய சூரை மீனை மரச்சீவல் போல மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் அந்தச் சாறு, சோபா நூடுல்ஸின் தொடுசாற்றிலும், பார்வைக்குச் சைவமாகத் தெரியும் இனாரி சுஷியின் டோஃபு உறையிலும்கூடப் பெரும்பாலும் இருக்கும்.

ஆகவே, "கட்சுவோ தாஷி ஹைட்டெ இமாஸ் கா?" (சூரை மீன் சாறு சேர்ந்திருக்கிறதா?) என்றே கேளுங்கள். வெள்ளரிக்காய் வைத்த கப்பா மாகி என்னும் சுஷிச் சுருள் எளிதாகக் கிடைக்கும். புத்த மடாலயங்களின் 'ஷோஜின் ரியோரி' உணவை அவசியம் சாப்பிட்டுப் பாருங்கள். அதில் மீனும் இல்லை, வெங்காயமும் பூண்டும் இல்லை.

வீட்டில் மீன் சேராத தாஷி செய்ய, கொம்பு என்னும் கடற்பாசியையும் உலர்ந்த ஷீட்டாக்கே காளானையும் இரவு முழுவதும் தண்ணீரில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். கொம்பின் மேல் படிந்திருக்கும் வெண்பொடியைப் பூஞ்சை என்று எண்ணி நான் முதலில் கழுவிவிட்டேன். சுவையே அதில்தான் இருக்கிறது. பருப்பு, மசாலா வகைகளுக்கு டோக்கியோவில் இந்தியர்கள் மிகுதியாக வாழும் நிஷி-கசாய் பகுதிக்குச் செல்லுங்கள்.