அடுப்பு நெருப்பில் விளக்கு எரியுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் வெந்நீருக்கும் குளிர் காயவும் தினமும் விறகு எரிகிறது. அதே நெருப்பிலிருந்து வீட்டுக்கு மின்சாரமும் எடுக்க முடியுமா? சின்னதாக ஒரு நீராவி இன்ஜின் செய்யலாம் என்கிறான் என் தம்பி.

பதில்: நீராவியை முதலில் மறந்துவிடச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும். அந்த இடத்தைக் கொடுக்காமல் அடைத்து வைத்து, அந்த அழுத்தத்தில்தான் இன்ஜினை ஓட்டுகிறோம். பாதுகாப்பு வால்வு ஒரே ஒரு தடவை அடைத்துக்கொண்டால் போதும், கொதிகலன் வெடித்துவிடும். வீட்டில் செய்த கொதிகலன், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வேண்டவே வேண்டாம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மற்றபடி, முடியும். நான் பயன்படுத்துவது வெப்பமின் வில்லைகள். ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால் மின்சாரம் தரும் சின்னச் சதுரங்கள். உள்ளங்கையில் நாலைந்து அடங்கும். இதன் அடிப்படையை 1821-இல் சீபெக் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களுக்கும் இதே முறையில்தான் மின்சாரம் கிடைக்கிறது. அங்கே சூடு புளூட்டோனியத்திலிருந்து வருகிறது. அசையும் பாகம் எதுவும் இல்லை என்பதால் தேய்மானமும் சத்தமும் இல்லை.

கிடைப்பது கொஞ்சம்தான். ஒரு வில்லைக்கு ஐந்தாறு வாட் வந்தால் நல்ல வேலைப்பாடு என்பேன். வில்லைக்குள் போகும் வெப்பத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் மின்சாரமாகிறது. நண்பர்கள் பலர் இதைக் கேட்டதும் "இவ்வளவுதானா?" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மீதி தொண்ணூற்றைந்து எங்கே போகிறது என்று பாருங்கள். குளிர்ந்த பக்கத்தில் தண்ணீரை ஓட விட்டால், அது அப்படியே தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீர்தானே உங்களுக்கு வேண்டும்! வெந்நீர் தேவைப்படுகிற வீட்டில் இதில் ஏறக்குறைய எதுவும் வீணாகவில்லை. வெந்நீர் தேவைப்படாத வீட்டில் நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நான்கு வில்லைகள், தினம் நான்கு மணி நேரம் நெருப்பு என்று வையுங்கள். ஒரு பேட்டரியில் 80 வாட்-மணி சேரும். இரண்டு எல்.இ.டி. விளக்குகளுக்கும் ஒரு கைப்பேசிக்கும் போதும். ஃபிரிட்ஜை நினைக்காதீர்கள். நெருப்பு ஏறி இறங்க வோல்டேஜும் ஆடும். அதனால் வில்லைக்கும் பேட்டரிக்கும் நடுவில், மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் ஒரு சார்ஜ் கண்ட்ரோலர் கட்டாயம்.

என் முதல் அமைப்பு பாழானதைச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதன் அடியில் வில்லைகள். ஒரு நாள் பாத்திரம் வற்றியதை நான் கவனிக்கவில்லை. விளக்கு மங்கி அணைந்ததும் போய்ப் பார்த்தால், உள் பாகங்களைப் பற்றவைத்திருக்கும் ஈய நிற உலோகமான சால்டர் உருகி, வில்லையின் ஓரத்தில் வெள்ளி மணிகளாகத் திரண்டு நின்றது. அவை குளிரூட்டுவதற்கென்று விற்கிற வில்லைகள். அந்த வகையில் பலவற்றின் சால்டர் 138 டிகிரியிலேயே உருகிவிடும். மின்சாரம் எடுப்பதற்கென்றே செய்த வில்லையைக் கேட்டு வாங்குங்கள், அது 200 டிகிரிக்கு மேலும் தாங்கும். அப்புறம், தணலில் நேராக வைக்காமல் தடித்த அலுமினியத் தகடு ஒன்றை இடையில் கொடுங்கள். தகடு கண்ணாடி மாதிரிச் சமமாக இருக்க வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் வாட் பாதியாகிவிடும்.

கேள்வி: விறகு வாயுவில் ஜெனரேட்டர் ஓட்டினால் இதைவிட அதிகம் கிடைக்குமே?

பதில்: கிடைக்கும். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது ஐரோப்பாவில் லட்சக்கணக்கான வண்டிகள் விறகு வாயுவில் ஓடின. காற்றை மட்டுப்படுத்தி விறகை எரித்தால் வரும் அந்த வாயுவால் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க, ஒன்றரைக் கிலோ காய்ந்த விறகு வரை பிடிக்கும். இன்ஜின் சூட்டில் வெந்நீரும் போடலாம். ஆனால் அதில் எரிகிற முக்கியமான பொருள் கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; தலைவலி என்று படுப்பவர் எழாமலே போகலாம். திறந்த வெளியில் மட்டும் வையுங்கள். விறகு கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் தார் கிளம்பி வால்வுகளில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். பிறகு கழற்றிச் சுரண்டுவதே வேலையாகிவிடும். தினமும் அதோடு மல்லுக்கட்டப் பொறுமை உள்ளவர் வீட்டில் இருந்தால் செய்யுங்கள். உங்கள் தம்பிக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று நீங்களே சொல்ல வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும், விறகைப் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கும் வேலையை இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள். காய ஒரு வருடம்கூட ஆகலாம்.