கூரை யாருடையது?

அண்ணனுக்கு வணக்கம்.

மேலூர் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. அப்பாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல். குடிமைப்பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதப்போகிறேன். மற்ற தாள்களில் பயமில்லை, கட்டுரைத் தாள்தான் காலை வாருகிறது. ஒரு நோட்டு நிறையப் பொன்மொழிகள் சேர்த்திருக்கிறேன். ஆனாலும் மாதிரித் தேர்வில் 125க்கு 48தான். 'தகவல் இருக்கிறது, சிந்தனை இல்லை' என்று திருத்தியவர் எழுதிவிட்டார். சிந்தனையை எங்கே போய்ப் படிப்பது?

மேலூர் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசி வரி இரண்டு நாளாக மனதைவிட்டுப் போகவில்லை. 2022இல் வந்த ஒரு தலைப்பை வைத்தே பேசுவோம். வெயில் அடிக்கும்போதே கூரையைச் செப்பனிட வேண்டும் என்பது அதன் பொருள். (வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும், விடையைத்தான் தமிழில் எழுதலாம். அதனால் தலைப்பை முதலில் வீட்டில் பேசும் தமிழில் சொல்லிப் பாருங்கள்.)

இதைப் பார்த்ததும் கை பொன்மொழி நோட்டுக்குப் போகும். போக விடாதீர்கள். உங்கள் ஊர்க் கண்மாயை நினையுங்கள். கோடையில் தண்ணீர் வற்றியதும் அடியில் படிந்த கரம்பை மண்ணை அள்ளி வயலில் கொட்டுவார்கள். கண்மாயும் ஆழமாகும், வயலுக்கும் சத்து. வயலுக்குத் தண்ணீர் விடும் மடை, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எல்லாவற்றையும் ஊரே கூடி ஐப்பசி மழைக்கு முன் சரிசெய்யும். குடிமராமத்து என்பது அதுதான்.

இதோடு நிறுத்தினால் நல்ல உதாரணம், அவ்வளவே. அந்தப் பழக்கம் ஏன் தேய்ந்தது என்று கேட்கிற இடத்தில்தான் நீங்கள் தேடுகிற சிந்தனை தொடங்குகிறது. கண்மாய் சர்க்காருடையதானது. பம்புசெட்டு வந்தபின் கிணறு இருந்தவருக்குக் கண்மாய் அவசரமில்லை. வரத்துக்கால் தூர்ந்தால் 'அது அவங்க வேலை' என்றார்கள். ஆக, வெயில் அடித்தால் மட்டும் போதாது, கூரை தன்னுடையது என்று ஒருவர் நினைக்க வேண்டும். தலைப்பில் இல்லாத இந்தக் கேள்வியை நீங்கள் எழுப்பினால் கட்டுரை உங்களுடையதாகிவிடும்.

அதற்கு எதிராகவும் வாதாடிப் பாருங்கள். உங்கள் பகுதிக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையையே எடுங்கள். மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை பழையது. ஆனால் 1876-78 பஞ்சத்துக்குப் பிறகுதான், 1887இல் வேலை தொடங்கியது, 1895இல் முடிந்தது. ஆழிப்பேரலை 2004இல் வந்தது, பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல் வந்தது. நனைந்த பிறகே மனிதர்கள் கூரையைப் பார்க்கிறார்கள் என்றால், நனைந்த நினைவை வெயில் காலம்வரை ஒரு சமூகம் எப்படிக் காப்பாற்றும்? என்னைக் கேட்டால் இந்தக் கேள்வியை நோக்கித்தான் முழுக் கட்டுரையும் நடக்க வேண்டும். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம் என்று பத்திக்கு ஒரு துறையாக அடுக்குவதை நான் விரும்புவதில்லை. எந்தத் தலைப்புக்கும் அந்த அடுக்கு பொருந்திவிடும்.

மூன்று மணி நேரத்தில் தலா 1000 முதல் 1200 சொற்களில் இரண்டு கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் முதல் இருபது நிமிடம் யோசிக்க மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கண்மாய்க் கரையில் நடங்கள். எந்த மடை எந்த வயலுக்குப் பாய்கிறது, கடைசியாக எப்போது கண்மாய் நிரம்பி மறுகால் போனது, வரத்துக்காலை யார் வெட்டினார்கள் என்று கேளுங்கள். பிறகு இதே தலைப்பில் எழுதி எனக்கு அனுப்புங்கள். வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.