ஆறாம் வகுப்புக்கு ஆயத்தம்: முதலில் அந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்களுடையது காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஆறாம் வகுப்புக்கு டவுன் பஸ் ஏறி, காங்கயத்தில் உள்ள அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்காரர் தேங்காய்க் களத்தில் வேலை செய்கிறார். நான் காலை ஏழு மணிக்கே திருப்பூர் பனியன் கம்பெனி வேனில் ஏறிவிடுவேன். பெரிய பள்ளிக்கூடம் என்றாலே மகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. இதற்கிடையில் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றின் ஆள் வீடு தேடி வந்தார். பதினைந்தாயிரம் முன்பணம் கட்டினால் இடம் உறுதி, நுழைவுத் தேர்வை நான் பார்த்துக்கொள்கிறேன், எட்டாவது வரை அங்கே படித்துவிட்டு ஒன்பதாவதுக்கு அரசுப் பள்ளிக்கு வந்தாலும் டாக்டர் படிப்பு இட ஒதுக்கீடு போகாது என்கிறார். வீட்டுக்காரர் அரை மனதாக இருக்கிறார். கோடை விடுமுறையில் மகளை எப்படித் தயார் செய்வது?
– ஒரு தாய், காங்கயம் வட்டம்

பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்

முன்பணத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. மகளின் பயத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். அவள் பயம் ஜூன் வரை பொறுக்கும். அந்த ஆள் நாளைக்கே மறுபடியும் உங்கள் வாசலில் நிற்பார். மாசி பிறந்தால் ஊரில் நோம்பி சாட்டுகிறார்களோ இல்லையோ, இவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சேர்த்துவிடும் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் இவர்கள் கைக்கு எப்படிப் போகிறது என்று கல்வித் துறையில் யாரும் கேட்பதில்லை. கையில் ஒரு பளபளப்பான புத்தகம் வைத்திருப்பாரே, முதலிடம் பிடித்த பிள்ளைகளின் படங்களோடு? பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதையே தமிழக அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் 'மாநில முதலிடம்' என்று அச்சடித்திருந்தால் யார் கொடுத்த இடம் என்று கேளுங்கள்.

அவர் சொன்ன மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நுழைவுத் தேர்வைப் பார்த்துக்கொள்கிறாராம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் (ஆர்டிஇ) 13-ஆம் பிரிவில், பள்ளியில் சேர்க்கக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்று சொல்கிறது. மீறினால் முதல் முறை இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை ஐம்பதாயிரம் வரை அபராதம். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அமராவதி நகரில் இருக்கும் சைனிக் பள்ளி மாதிரி சிலவற்றுக்கு ஆறாம் வகுப்புக்கே தேசிய அளவில் தேர்வு உண்டு. அது வேறு கதை, அங்கே எந்த ஆளாலும் எதையும் பார்த்துக்கொள்ள முடியாது. உங்கள் வீட்டுக்கு வந்தவர் இல்லாத பூட்டுக்குச் சாவி விற்கிறார்.

இடத்தை உறுதி செய்ய முன்பணமாம். தனியார் பள்ளி எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று நிர்ணயிக்கத் தமிழகத்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு இருக்கிறது. அறிவித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை என்ற பெயரில் வாங்கினால், வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் என்று கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. சட்டம் அருமையாகத்தான் இருக்கிறது. பத்து மடங்கு கட்டிய பள்ளி ஒன்றைத்தான் என் பணிக்காலம் முழுக்க நான் பார்க்கவில்லை. ஆகவே பணம் கைமாறிய பிறகு சட்டம் காப்பாற்றும் என்று இருக்காதீர்கள். பள்ளியின் முத்திரையும் கட்டண விவரமும் உள்ள ரசீது எங்கே என்று அந்த ஆளிடம் கேளுங்கள். "அட்மிஷன் அன்றைக்கு மொத்தமாகத் தருவோம்" என்பார். அன்றைக்கு அவர் போன் எடுக்கமாட்டார்.

மூன்றாவதுதான் விஷமமானது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முடிந்தால் உங்கள் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுங்கள்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு இடம் என்று 2020-இல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதை விரித்தார்கள். நிபந்தனை: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறிலிருந்து. நடுவில் ஒரு வருடம் தனியாரில் படித்தாலும் கணக்கு அறுந்துவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் இருபத்தைந்து விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு கட்டும். அந்த ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்த பிள்ளை, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 விழுக்காட்டுக்குத் தகுதி பெறும். உங்கள் வீட்டுக்கு வந்தவர் இந்த விதிவிலக்கைத்தான் எல்லோருக்குமான விதி போலச் சொல்லியிருக்கிறார். யார் அந்தப் பிள்ளைகள்? எல்கேஜியிலோ ஒன்றாம் வகுப்பிலோ அந்த ஒதுக்கீட்டில் விண்ணப்பித்து இடம் பெற்றவர்கள். அது நுழைவு வகுப்பில் மட்டும் திறக்கும் வாசல். ஆறாம் வகுப்பில் அப்படி ஒரு வாசலே கிடையாது. உங்கள் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது எங்கே? ஊராட்சி ஒன்றியப் பள்ளியில். அப்படியானால் அவள் அந்த இருபத்தைந்து விழுக்காட்டுப் பிள்ளை அல்ல; இனி ஆகவும் முடியாது. காசு கட்டித் தனியாரில் ஆறு, ஏழு, எட்டு படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தால் அவளுக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. "ஆர்டிஇ பேப்பர் நான் வாங்கித் தருகிறேன்" என்று சொன்னால் அது பொய்ச் சான்றிதழ். கலந்தாய்வில் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் மாட்டிக்கொள்வது அவரல்ல, உங்கள் மகள்.

அரசு உதவி பெறும் பள்ளியும் இந்த 7.5 கணக்கில் அரசுப் பள்ளி ஆகாது. பக்கத்து வீட்டில் யாராவது "உதவி பெறும் பள்ளி என்றாலும் கவர்மென்ட்தானே" என்று சொல்வார்கள். இதில் அல்ல.

உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, அல்லது உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி என்பதுதான் அடிப்படை. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்டில் நம் கோவையில்தான் தொடங்கினார்கள், அதற்கும் அப்படியே. ஆக, ஆறாம் வகுப்பில் நீங்கள் எடுக்கும் முடிவு பதினெட்டு வயதில் போய் நிற்கிறது. இதை ஐந்தாம் வகுப்புப் பெற்றோரைக் கூட்டி வைத்துச் சொல்ல வேண்டிய அதிகாரிகள் சொல்வதில்லை. கமிஷன் ஆள் சொல்கிறார், தலைகீழாக.

சேர்க்கைப் படிவத்தில் தமிழ் வழியா ஆங்கில வழியா என்று கேட்பார்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இருபது விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்குத்தான். மகள் இதுவரை தமிழ் வழி என்றால், ஆங்கில வழிக்குக் கட்டம் போடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். முடிவு உங்களுடையது.

மாற்றுச் சான்றிதழ் விஷயம். அசலை எந்த ஆளிடமும் கொடுக்காதீர்கள், "பதிவு பண்ணிவிட்டுத் தருகிறேன்" என்றாலும். விடுதிப் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு அங்கே ஒத்துவராமல் பாதியில் திரும்பி வந்த எத்தனையோ பெற்றோர், பாக்கிக் கட்டணத்துக்காக அந்தப் பள்ளி சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கிறது என்று என் மேசை முன் அழுதிருக்கிறார்கள். கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல மாற்றுச் சான்றிதழ் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சான்றிதழ் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவும் சொல்கிறது. காங்கயம் பள்ளி அலுவலகத்தில் யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள். வாங்கும்போது பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஏறிவிட்ட பிழையைத் திருத்துவதற்கு அலைய வேண்டிய அலைச்சலை எதிரிக்கும் விரும்பமாட்டேன்.

சரி, சின்ன அம்மணியின் பயத்துக்கு வருவோம்.

அவளுடைய ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு அவளைப் பற்றி எல்லாம் தெரியும்: எதில் வேகம், எதற்கு அழுவாள், கண் எவ்வளவு தூரம் தெரியும். இதில் ஒரு வரிகூட புதுப் பள்ளிக்குப் போகாது. தொடக்கக் கல்விக்கு ஓர் இயக்ககம், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வேறோர் இயக்ககம். ஒரே சாலையில் இருக்கும் இரண்டு பள்ளிகள்கூட ஒரு குழந்தையைப் பற்றிப் பேசிக்கொள்ள ஏற்பாடு இல்லை. போவது எமிஸ் என்ற ஒரு மாணவர் பதிவு எண்ணும், நடத்தை நன்று என்ற சொல்லும்தான். அதனால் அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். பள்ளி மூடுவதற்குள் டீச்சரைப் பார்த்து, மகளைப் பற்றிப் புதுப் பள்ளிக்குத் தெரிய வேண்டிய நான்கைந்து விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மகளிடம் "என்ன பயம்?" என்று மொத்தமாகக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்பாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மணி மணியாகச் சொல்லச் சொல்லுங்கள். பஸ் எங்கே நிற்கும், யாரோடு உட்காருவாள், மத்தியானம் எங்கே சாப்பிடுவாள், பாத்ரூம் போக யாரிடம் கேட்பாள். எங்கே வாய் நின்றுவிடுகிறதோ அங்கேதான் பயம். பெரும்பாலும் பஸ், பாத்ரூம், பெரிய வகுப்பு அக்காக்கள். கணக்குப் பாடம் அந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும்.

பஸ்ஸுக்குப் பழக்கம்தான் மருந்து. விடுமுறையில் பள்ளி நேரத்துப் பஸ்ஸிலேயே அப்பாவோடோ அம்மாயியோடோ சில முறை போய் வரட்டும். பிறகு அவள் முன்னால் ஏற, பெரியவர் பின்னால் ஏறட்டும். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நம் பக்கம் அதே தடத்தில் தனியார் பஸ்ஸும் ஓடும், அதில் கண்டக்டர் காசு கேட்பார். எது எது என்று தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரிய வேண்டும். பைக்குள் தனியாகக் கொஞ்சம் சில்லறை இருக்கட்டும். கூட்டமாக வந்தால் படியில் நிற்காமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம், நேரமானால் யாரும் அடிக்கமாட்டார்கள் என்பதையும் சொல்லி வையுங்கள்.

காலைச் சாப்பாடுதான் பலர் கவனிக்காதது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். இதுவரை பள்ளிக்குப் போய்க் கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்ட பிள்ளை, ஜூனிலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறும். நீங்களோ ஏழு மணிக்கே வேனில் இருப்பீர்கள். பத்து மணிக்குத் தலைவலி, பதினோரு மணிக்கு மயக்கம், "பள்ளி பிடிக்கவில்லை" என்ற பேச்சு. பாதிக் கேஸ்களில் அது பசி. ஏழுக்கு முன்பே எழுந்து உங்களோடு சேர்ந்து சாப்பிடும் பழக்கத்தை மே மாதமே தொடங்குங்கள். மதிய உணவு புதுப் பள்ளியிலும் உண்டு.

படிப்புக்குக் கோடை வகுப்பு வேண்டாம். 'ஆறாம் வகுப்பு பவுண்டேஷன்' என்று பலகை மாட்டியிருப்பவர்களும் அந்த முன்பண ஆளின் பங்காளிகளே. ஆறாம் வகுப்புக் கணக்கில் முதல் பருவத்திலேயே இயற்கணிதமும் விகிதமும் வருகின்றன. அவற்றை இப்போதே கற்றுத் தர வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தடுமாறாமல் வந்தால் அவை தானாக நிற்கும். தினமும் செய்தித்தாளில் ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கட்டும். பத்து வரியைப் பார்த்து எழுதட்டும், வேகமாக. இதுவரை பெரும்பாலும் ஒரே டீச்சர். எழுதி முடிக்கும் வரை காத்திருப்பார். இனி மணி அடித்தால் ஆசிரியர் மாறுவார், கரும்பலகையை அழித்துவிடுவார். பின்தங்குகிற பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான். பார்த்து எழுதும்போது கண்ணைச் சுருக்கினால் பள்ளி திறக்கும் முன்பே கண் பரிசோதனை செய்துவிடுங்கள். கால அட்டவணை பார்த்து ராத்திரியே பை அடுக்குவதை அவளே செய்யட்டும்.

இன்னொன்று. பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் நிறைய. அதோடு பத்து, பதினொரு வயதில் மாதவிலக்கு வந்துவிடுகிறது. பள்ளியில் வைத்து வந்தால் என்ன செய்வது என்று அவளுக்கு நீங்கள்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் நாப்கின் இலவசமாகத் தருவார்கள், யாரிடம் கேட்பது என்று முதல் வாரமே தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். பையிலும் ஒன்று இருக்கட்டும்.

பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து, கம்பெனியில் அரை நாள் சொல்லிவிட்டுப் போய் வகுப்பாசிரியரைப் பாருங்கள். பழைய டீச்சரிடம் குறித்துக்கொண்ட தாளை அவரிடம் கொடுங்கள். பள்ளி அலுவலக எண், வகுப்பாசிரியர் பெயர், உங்கள் இருவர் எண்கள் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி மகளின் பையில் போடுங்கள். சேர்க்கையில் சிக்கல் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. முதல் முறையே பலன் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாமல், அழைத்த தேதியையும் பேசியவர் சொன்னதையும் குறித்து வைத்துக்கொண்டு மறுபடியும் அழையுங்கள்.