விஎஸ்டி3-க்கு மாறும்போது பழைய பாட்டுகளை என்ன செய்வது?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில், வீட்டு முன்னறையில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். விண்டோஸ் லெப்டொப், ரீப்பர் என்ற பதிவு மென்பொருள். கோயில் திருவிழாப் பாட்டு, சேர்ச் கொயர், காமன் கூத்து லாவணி என்று சில வருடங்களாகப் பதிந்த புரொஜெக்ட்கள் நாற்பது இருக்கும். எல்லாமே விஎஸ்டி2 வகைப் பிளகின்களில் (ரீப்பருக்குள் சேர்க்கும் எஃபெக்ட், இசைக்கருவி மென்பொருள்கள்) செய்தவை. அண்மையில் ஒரு பிளகினின் புதிய பதிப்பை இறக்கினால் விஎஸ்டி3 மட்டும்தான் வருகிறது. கண்டியில் இருக்கும் நண்பர் விஎஸ்டி2 போல்டரையே அழித்துவிட்டு மொத்தமாக மாறச் சொல்கிறார். இன்னொருவர் கிளாப் என்ற வேறொரு பிளகின் வகைக்குப் போகச் சொல்கிறார். மாறினால் சத்தம் மாறுமா? பழைய பாட்டுகள் திறக்குமா? பெரிய சாம்பிள் லைப்ரரிகளை மறுபடி இறக்க வேண்டி வருமா? இங்கே போன் டேட்டாதான்.

பதில்: தம்பி, அந்தப் போல்டரை அழிக்காதீர்கள். மற்றதெல்லாம் ஆறுதலாகப் பேசலாம். இனித் தொடங்கும் பாட்டுகளுக்கு விஎஸ்டி3, முடிந்துபோன பாட்டுகளுக்கு அவை பிறந்த விஎஸ்டி2, இதுதான் என் முடிவு. இரண்டையும் ஒரே லெப்டொப்பில் வைத்திருக்கலாம், ஒன்றோடு ஒன்று மோதாது. விஎஸ்டி2 என்பது டிஎல்எல் என்று முடியும் கோப்பு, நீங்கள் எந்தப் போல்டரைக் காட்டுகிறீர்களோ அங்கே கிடக்கும். விஎஸ்டி3-க்கு விண்டோஸில் வழக்கமான இடம் ஒன்றுதான்: சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3. ரீப்பரின் எஃபெக்ட் பட்டியலில் ஒரே பிளகின் இரண்டு தடவை தெரியும். ஒன்றின் முன்னால் விஎஸ்டி என்றும் மற்றதன் முன்னால் விஎஸ்டி3 என்றும் போட்டிருக்கும். புதுப் பாட்டில் இரண்டாவதை எடுங்கள், அவ்வளவுதான்.

'புதியது' என்று நாம் சொன்னாலும் விஎஸ்டி3 வந்தது 2008-இல். விஎஸ்டியை ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1996-இல் தன் பதிவு மென்பொருளான கியூபேஸோடு கொண்டுவந்தது. 1999-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோதுதான் மிடியை (கீபோர்டிலிருந்து வரும் சுரக் கட்டளைகளை) வாங்கி வாசிக்கும் இசைக்கருவிகளும் பிளகினாக வரத் தொடங்கின. அந்த இரண்டாம் பதிப்பு நன்றாகவே ஓடியதால் மூன்றாவது வந்த பிறகும் பல வருடங்கள் யாரும் அசையவில்லை. அசைய வைத்தது லைசன்ஸ். 2018 ஒக்டோபரோடு, விஎஸ்டி2 பிளகின் செய்பவர்களுக்குப் புதிதாக லைசன்ஸ் கொடுப்பதை ஸ்டெயின்பெர்க் நிறுத்திவிட்டது. முன்பே கையெழுத்துப் போட்ட நிறுவனங்கள் செய்யலாம், புதிதாக வருபவர்கள் செய்ய முடியாது. இலவசமாகக் கிடைக்கும் சேர்ஜ் எக்ஸ்டி சிந்தசைசர் விஎஸ்டி2-ஆக வராததற்குக் காரணம் இதுதான். 2022 ஜனவரியில், தங்கள் சொந்த மென்பொருள்களிலும் இரண்டு வருடங்களுக்குள் விஎஸ்டி2-ஐக் கைவிடப்போவதாக ஸ்டெயின்பெர்க் அறிவித்தது. விஎஸ்டி3-க்கோ 2025 ஒக்டோபரில் எம்ஐடி லைசன்ஸ் கொடுத்துவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் தடையில்லாமல் எழுதலாம். ஆகவே உங்களுக்கு விஎஸ்டி3 மட்டும் வந்தது தற்செயல் இல்லை. இனி வருவதில் பெரும்பாலானவை அப்படித்தான் வரும். ரீப்பர் இன்றைக்கும் விஎஸ்டி2-ஐத் திறக்கிறது என்பதால் உங்களுக்கு அவசரம் கிடையாது.

சத்தம் மாறுமா என்று கேட்டீர்கள். மாறாது. ஒரே பதிப்பு எண்ணுள்ள பிளகின் என்றால் உள்ளே கணக்குப் போடும் பகுதி இரண்டிலும் ஒன்றுதான். ரீப்பரோடு பேசும் முறை மட்டுமே வேறு. என் சொல்லை நம்ப வேண்டாம், நீங்களே பார்க்கலாம். ஒரு குரல் பதிவை இரண்டு ட்ராக்கில் போடுங்கள். ஒன்றில் ஈக்யூவின் (கனத்த, மெல்லிய ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் பிளகின்) விஎஸ்டி2, மற்றதில் அதே ஈக்யூவின் விஎஸ்டி3, இரண்டிலும் அதே செட்டிங். இப்போது ஒரு ட்ராக்கில், வட்டத்தின் குறுக்கே கோடு போட்டிருக்கும் ஃபேஸ் பொத்தானை அழுத்திவிட்டு இரண்டையும் சேர்த்து ஓட விடுங்கள். மீட்டர் அடியோடு விழுந்து ஒன்றுமே கேட்காவிட்டால் இரண்டும் ஒன்றேதான். எதிரொலி தரும் ரிவேர்ப், ஒரு குரலைப் பலவாகக் காட்டும் கோரஸ் போன்றவற்றை இப்படிச் சோதிக்காதீர்கள். அவற்றில் பல ஒவ்வொரு தடவையும் உள்ளே கொஞ்சம் வேறுவிதமாக அசையும், விஎஸ்டி2-ஐ அதே விஎஸ்டி2-ஓடு வைத்தாலும் அமைதி கிடைக்காது.

அப்படியானால் விஎஸ்டி3-இல் என்ன லாபம்? உங்கள் வேலைக்கு இரண்டு விஷயங்கள் உதவும். ஒன்று, சத்தம் வராத நேரத்தில் பிளகின் தன் கணக்கை நிறுத்திக்கொள்ள அதில் முறையான வழி இருக்கிறது. உடுக்கை ஒரு சரணத்துக்கு மட்டும் வருகிறது என்றால் மற்ற நேரமெல்லாம் அந்த ட்ராக்கில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கொம்பிரசர் லெப்டொப்பை வருத்தத் தேவையில்லை. ஆனால் பிளகின் எழுதியவர் அதை ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும், எல்லாரும் எழுதுவதில்லை. மற்றது சைட்செயின். தப்பு மேளத்தில் விழும் ஒவ்வொரு அடிக்கும் பேஸ் கொஞ்சம் பணிய வேண்டும், பாடுபவர் வாய் திறந்ததும் ஹார்மோனியம் ஒதுங்க வேண்டும் என்றால் ஒரு ட்ராக்கின் சத்தத்தை இன்னொரு ட்ராக்கின் பிளகினுக்குக் காட்ட வேண்டும். விஎஸ்டி2-இல் அதற்கென்று தனி வாசல் இல்லை, சுற்றுவழியில்தான் செய்தார்கள். விஎஸ்டி3-இல் அது அமைப்பிலேயே இருக்கிறது.

லைப்ரரியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சாம்பிள் பிளேயரின் (பதிந்து வைத்த கருவி ஒலிகளை வாசிக்கும் மென்பொருள்) பிளகின் என்பது வெளிக்கூடு மட்டும்தான். ஜிகாபைட் கணக்கில் இருக்கும் நாதஸ்வரமும் தவிலும் வயலினும் தனிப் போல்டரில் இருக்கின்றன. விஎஸ்டி2, விஎஸ்டி3 இரண்டும் அதே போல்டரைத்தான் வாசிக்கும். புதிதாக இறக்க வேண்டியது இன்ஸ்டோலர் மட்டுமே. இறக்கியதை அழித்துவிடாமல் வெளி ஹார்ட் டிஸ்க்கில் தேதியோடு போட்டு வையுங்கள். பழைய பதிப்பின் இன்ஸ்டோலர் கையில் இருந்தால் அதையும்தான், கட்டாயம். விஎஸ்டி2 இருந்த கடைசிப் பதிப்பு அதுவாக இருக்கலாம். நிறுவனம் தன் தளத்திலிருந்து அதை எடுத்துவிட்டால் அப்புறம் தேடிப் பிடிக்க முடியாது. இன்ஸ்டோல் செய்யும்போது எந்த வகைகள் வேண்டும் என்று கேட்டால் விஎஸ்டி2, விஎஸ்டி3 இரண்டுக்கும் சரி போடுங்கள். பென் டிரைவில் கைமாறி வரும் உடைத்த பிளகின் மூட்டைகளை மட்டும் உள்ளே விடாதீர்கள். உங்கள் லெப்டொப்பில் இருப்பது ஊராருடைய குரல்கள். இலவசமாகவே வல்ஹல்லா சூப்பர்மாசிவ் போன்ற ரிவேர்ப் முறையாகக் கிடைக்கிறது, விஎஸ்டி3-இலும் உண்டு.

இனிச் சிக்கலான பகுதிக்கு வருவோம். பழைய புரொஜெக்டில் விஎஸ்டி2-ஐ எடுத்துவிட்டு அதே இடத்தில் விஎஸ்டி3-ஐ வைக்கலாமா? சில நேரம் சுலபமாக நடக்கும். கியூபேஸ் போன்ற மென்பொருளில், பிளகினைச் செய்தவர்கள் 'இது அந்தப் பழையதற்கு மாற்று' என்று உள்ளே அடையாளம் கொடுத்திருந்தால் தானாகவே மாற்றி ஏற்றிக்கொள்ளும். எல்லாரும் அப்படிக் கொடுப்பதில்லை. கையால் மாற்றும்போது மூன்று இடங்களில் அடி விழும்.

முதலாவது செட்டிங். ரீப்பரின் பிரீசெட் பெட்டியில் சேமித்தவை விஎஸ்டி2-க்கென்று இருக்கும், விஎஸ்டி3-இல் தேடினால் கிடைக்காது. அதனால் விஎஸ்டி2 இன்னும் திறக்கிற காலத்திலேயே அந்தப் பிளகினின் சொந்த மெனுவுக்குள் போய், அங்கிருக்கும் சேவ் வழியாகச் சேமித்து வையுங்கள். அந்தக் கோப்பைப் பெரும்பாலும் இரண்டு வகையும் வாசிக்கும். சொந்த மெனு இல்லாத பிளகின் என்றால் திரையைப் படம் எடுத்து வையுங்கள். குமிழ்கள் எங்கே நின்றன என்று தெரிந்தால் திரும்ப வைக்கலாம்.

இரண்டாவது ஓட்டோமேஷன், அதாவது பாட்டு ஓடும்போது குமிழ்களைத் தானாக அசைக்க வரைந்த கோடுகள். குரலுக்கு ஏற்றி இறக்கிய ரிவேர்ப் கோடு, மாற்றிய பிறகு வேறு குமிழில் போய் ஒட்டலாம், அல்லது காணாமலே போகலாம்.

மூன்றாவதுதான் நம் இசைக்கு மிகவும் முக்கியம், மிடி. விஎஸ்டி2-இல் கீபோர்டிலிருந்து வருவது அப்படியே பிளகினுக்குப் போனது. விஎஸ்டி3-இல் பிட்ச் வீல், மோட் வீல், பெடல் எல்லாம் நேரே போவதில்லை. எந்த வீல் எந்தக் குமிழை அசைக்க வேண்டும் என்று பிளகின் முதலில் சொல்ல வேண்டும், அதன்படிதான் அசையும். நன்றாகச் செய்த பிளகினில் வித்தியாசம் தெரியாது. அரைகுறையாகச் செய்ததில் நாதஸ்வரத்தின் கமகம் போய்விடும். ஆகவே புதிய பிளகினை ஏற்றியதும் முதல் வேலையாக ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு பிட்ச் வீலை மெதுவாக மேலே கொண்டுபோய் இறக்குங்கள். வழுக்கிக்கொண்டு போகிறதா, படிப்படியாகத் தாவுகிறதா என்று காதால் கேளுங்கள். பிறகு மோட் வீல், பிறகு சஸ்டெயின் பெடல். கீபோர்டின் பொத்தானை அமுக்கிப் பிளகினில் சத்தம் மாற்றும் பழக்கம் இருந்தால் அதையும் பாருங்கள், விஎஸ்டி3-இல் அது பல பிளகின்களில் வேலை செய்யாது. ஒரு விரலில் கோர்ட் வாசித்துத் தரும் பிளகின், கோர்டின் சுரங்களைப் பிரித்து வரிசையாக வாசிக்கும் ஆர்பெஜியேட்டர் போல, மிடியை வெளியே அனுப்பும் வகைகளும் விஎஸ்டி3-இல் தடுமாறும். அவற்றை விஎஸ்டி2-ஆகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தொல்லை இருப்பதால்தான் முடிந்த பாட்டில் கை வைக்க வேண்டாம் என்கிறேன். அதோடு, விஎஸ்டி2-ஐ நம்பியும் அவற்றை விட்டுவைக்க முடியாது. லெப்டொப் ஒருநாள் போகும், ஒரு பிளகினின் லைசன்ஸ் சரிபார்க்கும் சேர்வர் ஒருநாள் மூடும். அந்தப் பாட்டுகளை எந்தப் பிளகினும் இல்லாமல் திறக்கும் நிலைக்கு இப்போதே கொண்டுவந்துவிடுங்கள். ஒவ்வொரு ட்ராக்கையும் தனி வேவ் கோப்பாக ரெண்டர் செய்வதுதான் அது. எல்லா ட்ராக்கையும் தெரிவு செய்துவிட்டு ரீப்பரின் ரெண்டர் ஜன்னலில் 'ஸ்டெம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லா ட்ராக்கும் ஒரே தடவையில் வெளியே வரும். எல்லாக் கோப்பும் பாட்டின் பூச்சியத்திலிருந்தே தொடங்கட்டும், அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் தாளம் பிசகாமல் ஒன்றன் கீழ் ஒன்றாக உட்காரும். ஒரு தடவை எஃபெக்டோடு, இன்னொரு தடவை எஃபெக்டை அணைத்துவிட்டு. இரண்டாவது மிக முக்கியம். இன்றைக்கு நீங்கள் போட்ட ரிவேர்ப் பத்து வருடத்துக்குப் பிறகு உங்களுக்கே பிடிக்காமல் போகலாம், வெறும் குரல் இருந்தால் மறுபடி செய்யலாம். இசைக்கருவி ட்ராக்குகளுக்கு மிடி கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள். புரொஜெக்டை 'சேவ் அஸ்' செய்யும்போது, எல்லா மீடியாவையும் புரொஜெக்ட் போல்டருக்குள் காப்பி பண்ணும் கட்டத்துக்குச் சரி போட மறக்காதீர்கள்.

இடம் போதுமா என்று யோசிப்பீர்கள். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு, இருபது ட்ராக் என்றால் ஏறக்குறைய 860 எம்பி. எஃபெக்டோடும் இல்லாமலும் இரண்டு முறை எடுத்து, நாற்பது பாட்டுக்கும் கணக்குப் பார்த்தால் 70 ஜிபி அளவில் நிற்கும். சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு இது ஒன்றும் பெரிதில்லை. இரண்டு டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். மண்சரிவும் வெள்ளமும் தெரிந்த ஊர்க்காரருக்கு ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கிளாப் பற்றி. அது 2022 ஜூனில் யூ-ஹீ, பிட்விக் என்ற இரண்டு பெர்லின் நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்டது. லைசன்ஸ் தொல்லை ஆரம்பத்திலிருந்தே இல்லை, அமைப்பும் நன்றாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கும். ரீப்பர், பிட்விக், எஃப்எல் ஸ்டூடியோ ஆகிய பதிவு மென்பொருள்கள் அதைத் திறக்கும். கியூபேஸ், ஏபிள்டன் லைவ், புரோ டூல்ஸ் மூன்றும் திறக்காது. கொழும்பில் உள்ள ஒரு ஸ்டூடியோவோடு சேர்ந்து வேலை செய்யும் நாள் வந்தால் அங்கே கியூபேஸோ புரோ டூல்ஸோ இருக்கலாம். எனவே கிளாப்பைப் பழகிப் பாருங்கள், பாட்டை அதன் மேல் கட்டாதீர்கள். புரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் என்றும் அப்பிளின் லொஜிக்குக்கு ஏயு என்றும் தனி வகை இருப்பதால் விஎஸ்டி3-உம் அங்கே போகாது. வேறு ஸ்டூடியோவுக்குக் கொடுக்கும்போது புரொஜெக்டுக்குப் பதிலாக நான் மேலே சொன்ன வேவ் கோப்புகளையே கொடுங்கள்.

வகை மாற்றுவதற்காக மட்டும் காசு கொடுக்க வேண்டாம். அதே பதிப்பின் விஎஸ்டி3 பெரும்பாலும் நீங்கள் வாங்கிய லைசன்ஸிலேயே வரும். மேல் பதிப்புக்குக் காசு கேட்டால், அதில் உங்கள் பாட்டுக்கு வேண்டிய வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பழையதோடு இருங்கள்.

எந்தப் பாட்டிலிருந்து தொடங்குவது? லாவணியிலிருந்து. கோயில் பாட்டையும் கொயரையும் அடுத்த வருடமும் பதியலாம், பாட ஆள் இருக்கிறது. மாசியில் இரவு முழுக்க நின்று ரதி மன்மதன் கதையைப் பாடும் பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நீங்கள் பதிந்த சில குரல்களுக்கு வேறு பிரதியே இல்லாமல் இருக்கலாம். அவற்றை இந்த வாரமே ரெண்டர் செய்யுங்கள். பின்னேர இடிமழைக் காலமாக இருந்தால் காலையில் செய்யுங்கள், பாதியில் கரண்ட் போனால் கோப்பு அரைகுறையாக நிற்கும். முடிந்ததும் ரீப்பரில் வெறும் புரொஜெக்ட் ஒன்றைத் திறந்து, எந்தப் பிளகினும் போடாமல், டிஸ்க்கிலிருந்து அந்த வேவ் கோப்புகளை இழுத்துப் போட்டு முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். ஏதாவது ட்ராக் ஊமையாக இருந்தால், விஎஸ்டி2 இன்னும் திறக்கிறபோதே திரும்பப் போய் எடுத்துவிடலாம்.