கனடாவில் பள்ளிப் பிள்ளைகள் தினமும் நில அங்கீகார உரை கேட்பது தேவையா?

தேவை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உரை மட்டும் போதாது. ரொறன்ரோவில் பிள்ளை வளர்க்கும் தகப்பனாகச் சொல்கிறேன்.

"நாம் இருக்கும் இந்த நிலம் இன்னின்ன பூர்வகுடி மக்களுடையது" என்று தேசிய கீதத்தோடு சேர்த்துக் காலையில் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். இங்குள்ள பொதுப் பள்ளிகளில் 2016 முதல் இது தினசரி வழக்கம். நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதை ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். அதில் வரும் மிசிசாகா மக்கள் யார் என்று கேட்டேன். "முந்தி இருந்த ஆக்கள், இப்ப இல்லை அப்பா" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. அவர்கள் இருக்கிறார்கள். 1847இல் இடம்பெயர்ந்து போய்க் குடியேறிய ஹேகர்ஸ்வில் பக்கம், காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவில்தான் இன்றும் வாழ்கிறார்கள்.

அன்றிரவு வரைபடத்தை விரித்து வைத்துக் கதையைச் சொன்னேன். 1787இல் ஆங்கிலேயர் இந்த நிலத்தை வாங்கியதாகச் சொன்னார்கள். பிறகு எடுத்துப் பார்த்தால், பத்திரத்தில் நிலத்தின் விபரம் எழுத வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. தலைவர்களின் குலச்சின்னங்கள் வேறு துண்டுத் தாள்களில் இருந்து அதனுடன் ஒட்டப்பட்டிருந்தன. 1805இல் 10 ஷில்லிங் கொடுத்து மறுபடி ஒப்பந்தம் எழுதினார்கள். நிலமோ சுமார் 2,50,000 ஏக்கர். கனடா அரசு 145 மில்லியன் டொலர் இழப்பீட்டுக்கு இணங்கியது 2010இல்தான்.

மகளுக்கு இதில் குற்ற உணர்வு எதுவும் வரவில்லை. கோபம் வந்தது, கேள்விகள் வந்தன. "பிள்ளைகள் மனத்தில் ஏன் குற்ற உணர்வைத் திணிக்க வேண்டும், நேற்று வந்த நாங்களா பறித்தோம்?" என்று நம்மவர்களும் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்து வைத்த காணிக்கு உறுதிப் பத்திரத்தை மட்டும் கையில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! காணி யாருடையது என்று வாய்விட்டுச் சொல்வதன் அருமை நமக்குத் தெரியாதா? அது பாவமன்னிப்புக் கேட்பது அல்ல, நடந்ததை ஒத்துக்கொள்வது.

இன்னொன்று. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் வைத்த 94 பரிந்துரைகளில் இந்தக் காலை உரை கிடையவே கிடையாது. 62ஆவது பரிந்துரை கேட்பது பாடத்தை: பாலர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை, ஒப்பந்தங்களையும் வதிவிடப் பள்ளிகளையும் வயதுக்கேற்ற விதத்தில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பாடங்களை எழுதவிருந்த அமர்வுகளை ஒன்ராறியோ அரசு 2018இல் ரத்துச் செய்தது. உரை வேண்டுமா வேண்டாமா என்று சண்டை பிடிக்கும் பெற்றோர் இரு தரப்பும் பள்ளிக் கூட்டத்தில் முதலில் அந்தப் பாடத்தைக் கேளுங்கள். அது ஒழுங்காக நடந்தால், உரையை வாரம் ஒருமுறை வாசித்தாலும் எனக்குச் சரிதான்.